தமிழ்ல தரமான கட்டுரை எழுதி மாசாமாசம் வருமானம் வர வைக்கிறது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாஸிவ் இன்கம்னு சொன்னாலே, ஒரு தடவ எழுதிப் போட்டுட்டா போதும் அப்புறம் நாம தூங்கினாலும் பணம் வந்துக்கிட்டே இருக்கும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. அதுல பாதிதான் உண்மை. நல்லா எழுதின ஒரு கட்டுரை ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் கூகுள்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரும், அத்தனை நாளும் விளம்பரக் காசு வரும், அது நிஜம். ஆனா வாடகைக்கு விட்ட வீடு மாதிரி அப்பப்ப போய்ப் பாத்து ஒழுகுற இடத்தை அடைக்கணும், இல்லன்னா ஆள் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. முதல் சில மாசம் கையில ஒண்ணுமே வராது, அதுக்கு மனசு தயாரா இருந்தா மட்டும் இறங்குங்க. வேலையை விட்டுட்டு இதுல குதிக்கவே கூடாது, சம்பளம் ஒரு பக்கம் வந்துக்கிட்டு இருக்கும்போது ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிக்கிறதுதான் சரி.

தமிழ்ல எழுதினா காசு வருமான்னு கேக்குறவங்களுக்கு: கூகுள் ஆட்சென்ஸ் (நம்ம பக்கத்துல விளம்பரம் காட்டி அதுல நமக்கும் பங்கு குடுக்கிற கூகுளோட சேவை) 2003லயே வந்துடுச்சு, ஆனா தமிழை அதிகாரப்பூர்வமா சேத்தது 2018 பிப்ரவரியிலதான். அதனால தமிழ்ல எழுதி விளம்பர வருமானம் பாக்குறது இன்னும் இளசான விஷயம்தான், நல்ல பதில் இல்லாத கேள்விகள் தமிழ்ல இன்னும் ஏகப்பட்டது கிடக்கு. உங்க இடம் அங்கதான் இருக்கு.

முதல் படி: எதைப் பத்தி எழுதுறது

இங்கதான் முக்கால்வாசி பேரு வழுக்குறாங்க. சினிமா செய்தி, அரசியல், அரசு திட்ட அறிவிப்புன்னு ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் பெரிய பத்திரிகைகளோட வெப்சைட் அஞ்சு நிமிஷத்துல போட்டுடும், அவங்க பக்கத்துல ஆள் படையே இருக்கு. நீங்க முட்டி மோதி எழுதினாலும் அடுத்த நாளே அது பழைய செய்தி. நமக்கு வேணுங்கிறது, இன்னைக்குத் தேடுறவனுக்கும் அடுத்த வருஷம் தேடுறவனுக்கும் ஒரே பதில் போதும்கிற மாதிரியான கேள்வி.

அதைவிட முக்கியம், அந்தக் கேள்விக்கு உங்க கையால பதில் தெரிஞ்சிருக்கணும். தையல் தெரியுமா, ஆடு வளர்க்குறீங்களா, மாடித்தோட்டம் போட்டிருக்கீங்களா, ஸ்கூல்ல கணக்கு சொல்லித் தர்றீங்களா, எலக்ட்ரீஷியனா, பத்திர ஆபீஸ் பக்கத்துல டைப்பிங் வேலை பாக்குறீங்களா? அதுதான் உங்க டாபிக். கூகுள் தன்னோட தர மதிப்பீட்டு வழிகாட்டுதல்ல 2022 டிசம்பர்ல "நேரடி அனுபவம்"ங்கிறதைத் தனியா சேத்துச்சு. அதாவது எழுதுறவர் அந்தப் பொருளை நெஜமாவே பயன்படுத்தியிருக்காரா, அந்த வேலையைச் செஞ்சிருக்காராங்கிறதும் இப்ப கணக்குல இருக்கு. அப்புறம் 2024 மார்ச்ல, ஆளுக்குப் பயன்படாத கட்டுரைகளை மொத்தமா உற்பத்தி பண்ணி தேடல்ல மேல வரப் பாக்குறதை ஸ்பாம்னு சொல்லி விதியைக் கடுமையாக்குச்சு, அதை மனுஷன் எழுதினாலும் சரி ஏஐ எழுதினாலும் சரி. ஒரே நாள்ல ஏஐ வச்சு 50 கட்டுரை போடலாம்னு சொல்லித் தர்ற வீடியோவைப் பாத்து ஏமாந்துடாதீங்கன்னு நான் கெஞ்சிக் கேக்குறதுக்கு இதுதான் காரணம். எழுத்துப்பிழை பாக்க, ஒரு கட்டமைப்பு யோசிக்க ஏஐ உதவும், தப்பில்ல. ஆனா விஷயம் உங்களோடதா இருக்கணும்.

உடம்பு, மருந்து, பணம் முதலீடு இந்த மூணுலயும் படிச்ச தகுதி இல்லாம கை வைக்காதீங்க. கூகுளும் அங்க ரொம்பக் கறாரா இருக்கும், அதைவிட ஒருத்தர் நம்ம எழுத்தை நம்பி மாத்திரையை நிறுத்திட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

ரெண்டாவது: ஜனங்க என்ன கேக்குறாங்கன்னு கண்டுபிடிக்கிறது

காசு குடுத்து எந்த டூலும் வாங்க வேணாம். கூகுள்ல உங்க டாபிக்கோட முதல் வார்த்தையைத் தமிழ்ல டைப் பண்ணி நிறுத்துங்க, கீழ வரிசையா வர்றதெல்லாம் நெஜ ஆட்கள் தேடினது. அப்படியே இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சும் பாருங்க, நம்ம ஆளுங்க நிறைய பேரு அப்படித்தான் தேடுறாங்க, போன்ல மைக்கை அமுக்கிப் பேசியும் தேடுறாங்க. அடுத்து யூடியூப்ல உங்க டாபிக்ல நல்லா ஓடின வீடியோவோட கமெண்டைப் படிங்க. "அண்ணா எனக்கு இப்படி ஆகுது என்ன பண்றது"ன்னு கேட்டு பதிலே வராம கிடக்குற கேள்வி ஒவ்வொண்ணும் ஒரு கட்டுரை. உங்க கடைக்கோ கிளாஸுக்கோ வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குறதையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, என்னைக் கேட்டா அந்த நோட்டுதான் எல்லா டூலையும் விட பெருசு.

கேள்வி எவ்வளவு குறிப்பா இருக்கோ அவ்வளவு நல்லது. "தையல் கத்துக்கிறது எப்படி"ன்னு எழுதினா கடல்ல கரைஞ்ச பெருங்காயம். "தையல் மெஷின்ல தையல் விட்டு விட்டு விழுது, என்ன செய்யணும்"னு எழுதினா, தேடி வர்றது கொஞ்சம் பேருதான், ஆனா வர்றவங்க எல்லாரும் துணியைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவங்க, கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க.

மூணாவது: ஒரு கட்டுரையை எழுதுறது

அந்தத் தையல் மெஷின் கட்டுரையையே எடுத்துக்குவோம், எப்படி எழுதுறதுன்னு முழுசா பாத்துடலாம்.

தையல் மெஷினை யாரு கண்டுபிடிச்சா, எந்த வருஷம் வந்துச்சுன்னு முதல் பாராவுல ஆரம்பிக்காதீங்க. வந்தவங்களுக்கு நாளைக்குக் காலையில பிளவுஸ் டெலிவரி குடுக்கணும். முதல் ரெண்டு வரியிலயே பதில்: "பெரும்பாலும் கோளாறு ஊசியிலதான் இருக்கும். மெஷினைக் கழட்டுறதுக்கு முன்னாடி புது ஊசி போட்டுப் பாருங்க." இதுலயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீந்துடும். பதிலை மேல சொல்லிட்டா கீழ படிக்க மாட்டாங்களேன்னு பயப்படாதீங்க, பதில் இங்க இருக்குன்னு நம்பிக்கை வந்தாத்தான் கீழ இறங்குவாங்க.

அடுத்தது, செலவு கம்மியான வழியில இருந்து செலவு அதிகமான வழிக்கு வரிசையா போகணும். முதல்ல ஊசி. "ஊசியைச் சரியா மாட்டவும்"னு எழுதிட்டுப் போறதுதான் சுமாரான கட்டுரை. தரமான கட்டுரைன்னா, ஊசியில ஒரு பக்கம் நீளமா ஒரு பள்ளம் ஓடும், அதுக்கு எதிர்ப்பக்கம் மேல் பகுதி தட்டையா இருக்கும், நூல் கோக்குறது அந்த நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்துல இருந்துதான், தட்டைப் பக்கம் எந்தத் திசையில இருக்கணும்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால பக்கத்து வீட்டு மெஷினைப் பாத்து மாட்டாம பள்ளத்தைப் பாத்து மாட்டுங்க, ஊசியை மேல முட்டுற வரைக்கும் தள்ளிட்டு அப்புறம் ஸ்க்ரூவை இறுக்குங்கன்னு சொல்லணும். கூடவே ஊசியைக் கிட்ட வச்சு நீங்களே எடுத்த ஒரு போட்டோ. மெல்லிசு துணிக்கு 11, சாதா காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கனமான துணிக்கு 16 இல்ல 18ன்னு நம்பரும் சொல்லணும்.

அப்புறம் நூல் கோத்த வழி, மேல் நூல் டென்ஷன், பாபின் கேஸ், பல்லுக்குக் கீழ சேர்ற பஞ்சு. கடைசியா, இதெல்லாம் பாத்தும் சரியாகலன்னா ஹூக் டைமிங் (ஊசியும் நூலைப் பிடிக்கிற கொக்கியும் சேர்ற நேரம்) தள்ளிப் போயிருக்கலாம், அதை நீங்களே கழட்டாதீங்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு தெளிவா எழுதணும். எங்க நிறுத்தணும்னு சொல்றவங்களைத்தான் ஜனங்க நம்புவாங்க, அடுத்த சந்தேகத்துக்கும் உங்ககிட்டயே வருவாங்க.

நடைன்னு பாத்தா, எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்குற மாதிரி எழுதினா போதும். "தையல் இயந்திரம்"னு தலைப்புல போட்டாலும் உள்ள "தையல் மெஷின்"னும் வரட்டும், தேடுறவங்க ரெண்டையும் தேடுறாங்க. அதுக்காக ஒரே வார்த்தையை வரிக்கு வரி திணிக்காதீங்க, படிக்கவே எரிச்சலா இருக்கும், கூகுளுக்கும் அது ஸ்பாம்தான். பாரா சின்னதா இருக்கணும், போன் ஸ்க்ரீன்ல எட்டு வரிக்கு மேல போனா கண்ணு தவிச்சுப் போயிடும். எவ்வளவு நீளம்னு கேட்டா விஷயம் முடியிற வரைக்கும். 600 வார்த்தையில முடிஞ்சா 600, 2000 வேணும்னா 2000. எழுதி முடிச்சதும் சத்தமா படிச்சுப் பாருங்க, நாக்கு தடுக்குற இடத்துலதான் வாசகரும் தடுக்கி விழுவாரு.

போட்டோ விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கூகுள் இமேஜ்ல இருந்து எடுத்து ஒட்டவே கூடாது, அது இன்னொருத்தரோட உரிமை. உங்க போன்ல எடுத்தது போதும், கலங்கலா இல்லாம வெளிச்சத்துல எடுங்க. இல்லன்னா விக்கிமீடியா காமன்ஸ்ல இருந்து, அதுல போட்டிருக்கிற லைசென்ஸைப் படிச்சு, எடுத்தவர் பேரைப் போட்டு பயன்படுத்துங்க.

நாலாவது: எங்க போடுறது

காசு இல்லன்னா கூகுளோட பிளாக்கர், இடம் ஃப்ரீ. உங்க சொந்தப் பேருல ஒரு டொமைன் (வெப்சைட் முகவரி) மட்டும் வருஷ வாடகைக்கு வாங்கி அதுல மாட்டிக்கலாம். கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா வேர்ட்பிரஸ், ஹோஸ்டிங்குக்கு, அதாவது சைட்டை வைக்கிற இடத்துக்கு, காசு ஆகும், ஆனா வசதி நிறைய. ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் பிளாக்கரும் சொந்த டொமைனும்தான் சொல்லுவேன், வருமானம் வர ஆரம்பிச்சப்புறம் மாறிக்கலாம்.

தமிழ்ல எழுதுறவங்க கவனிக்க வேண்டிய ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, கட்டாயம் யூனிகோட்ல (எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியிற எழுத்து முறை) டைப் பண்ணணும். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்ச பழைய ஃபைலை அப்படியே ஒட்டினா கூகுளுக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான், முதல்ல கன்வெர்ட் பண்ணிடுங்க. ரெண்டாவது, கட்டுரையோட லிங்க். தமிழ் எழுத்துல லிங்க் வச்சா வாட்ஸாப்ல பகிரும்போது சதவீதக் குறியும் நம்பருமா ஒரு முழம் நீளத்துக்கு வந்து நிக்கும், பாக்குறவங்க வைரஸ்னு நினைச்சு தொடவே மாட்டாங்க. அதனால லிங்க்கை மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல வைங்க. பப்ளிஷ் அமுக்குறதுக்கு முன்னாடியே வச்சுடணும், அப்புறம் மாத்தினா பழைய லிங்க் செத்துப் போயிடலாம்.

நீங்க யாரு, இந்த வேலையில எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு ஒரு அறிமுகப் பக்கம், தொடர்புக்கு ஒரு பக்கம், பிரைவசி பாலிசி ஒரு பக்கம். இந்த மூணும் இல்லாம ஆட்சென்ஸுக்கு அப்ளை பண்ணாதீங்க.

அடுத்த வேலை கூகுள் சர்ச் கன்சோல். இது ஃப்ரீ, உங்க சைட்டைச் சேத்து சைட்மேப் (உங்க பக்கங்களோட பட்டியல்) குடுத்துடுங்க. ஆரம்பத்துல அதுல பெருசா ஒண்ணும் தெரியாது, அப்புறம் எந்த வார்த்தையைத் தேடினவங்களுக்கு உங்க கட்டுரை காட்டப்பட்டுச்சு, எத்தனை பேரு க்ளிக் பண்ணாங்க, எத்தனையாவது இடத்துல இருக்குன்னு எல்லாம் வரும். 16 மாசக் கணக்கு வரைக்கும் பாக்கலாம். எட்டாவது இடத்துல இருந்து இருபதாவது இடம் வரைக்கும் நிக்கிற தேடல்களை எடுத்துப் பாருங்க. நீங்க ஊசி பத்தி எழுதியிருப்பீங்க, ஆனா "பாபின் நூல் மேல வருது"ன்னு தேடினவங்களுக்கும் உங்க பக்கம் பன்னெண்டாவது இடத்துல காட்டியிருக்கும். அப்படின்னா அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பகுதியையோ தனிக் கட்டுரையையோ எழுதி ரெண்டுக்கும் லிங்க் போடுங்க. எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு லாபமான வேலை இதுல வேற எதுவும் இல்ல.

அஞ்சாவது: பணம்

ஆட்சென்ஸுக்கு 18 வயசு ஆகியிருக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்தான். இத்தனை கட்டுரை இருந்தாத்தான் அப்ரூவல்னு கூகுள் எந்த எண்ணிக்கையும் சொல்லல. இருந்தாலும் உருப்படியா இருபது முப்பது கட்டுரை சேந்தப்புறம் அப்ளை பண்ணுங்க, நாலு கட்டுரையோட போய் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் வாங்கி மனசொடிஞ்சு போறவங்க அதிகம்.

2024 ஆரம்பத்துல இருந்து ஆட்சென்ஸ் க்ளிக்குக்குப் பதிலா விளம்பரம் காட்டப்படுறதை வச்சுப் பணம் கணக்கு பண்ணுது. எவ்வளவு வரும்கிறது படிக்கிறவர் எந்த நாட்டுல இருக்காரு, டாபிக் என்ன, எந்த மாசம்னு எல்லாத்தையும் பொறுத்து மாறும். சிங்கப்பூர்ல இருந்து படிக்கிற தமிழருக்கும் நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவருக்கும் விளம்பர விலை ஒண்ணு இல்ல. ஒரு பேச்சுக்கு ஆயிரம் பார்வைக்கு 1 டாலர்னு வச்சுக்குங்க. 100 டாலர் சேந்தாத்தான் பேங்குக்கு அனுப்புவாங்க, அப்போ முதல் பணம் வர்றதுக்கு ஒரு லட்சம் பார்வை வேணும். 40 கட்டுரை இருந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாளைக்கு 20 பேரு வந்தா, நாளைக்கு 800, நாலு மாசம் சொச்சத்துல லட்சம் தாண்டிடும். தமிழ்ல இது நடக்கக்கூடிய கணக்குதான், ஆனா யூடியூப்ல சொல்ற மாதிரி மாசம் ஒரு லட்சம் ரூபாங்கிற கணக்கு இல்ல.

நடைமுறையில மாட்டிக்கிற இடங்களைச் சொல்லிடறேன். அக்கவுண்ட்ல 10 டாலர் சேந்ததும் உங்க வீட்டு முகவரிக்கு ஒரு பின் நம்பர் தபால்ல வரும். சாதா தபால்தான், ரிஜிஸ்டர் இல்ல, அதனால கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தெளிவா குடுத்துட்டு, தபால்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க, குறிப்பா கிராமத்துல இருக்கவங்க. நாலு மாசத்துக்குள்ள அந்த நம்பரைப் போடலன்னா விளம்பரத்தை நிறுத்திடுவாங்க. அப்புறம் பேரு. நம்ம ஊர்ல இனிஷியல் பிரச்சினை பெருசு, பேங்க்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கும், ஜிமெயில்ல ஏதோ ஒரு செல்லப்பேரு இருக்கும். ஆட்சென்ஸ் ஆரம்பிக்கும்போதே பேங்க் பாஸ்புக்ல இருக்கிற மாதிரியே பேரைப் போட்டுடுங்க. பேங்க்ல ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர்றதுக்கான பேங்க் கோடு) கேட்டு வாங்கணும், சின்னக் கிளைக்கு அது இருக்காது, மெயின் பிராஞ்ச் கோடைத் தருவாங்க. வெளிநாட்டுப் பணம்கிறதால எதுக்கு வருதுன்னு ஒரு பர்பஸ் கோடும் கேப்பாங்க, விளம்பர வருமானம்னு சொல்லுங்க. மாசக் கடைசியில கணக்கு முடிச்சு, அடுத்த மாசம் 21க்கும் 26க்கும் நடுவுல அனுப்புவாங்க. இது வருமானம்தான், வருமான வரி ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும்.

உங்க விளம்பரத்தை நீங்களே க்ளிக் பண்ணாதீங்க, வீட்ல இருக்கவங்களையும் பண்ணச் சொல்லாதீங்க. "ஒரு க்ளிக் பண்ணி சப்போர்ட் பண்ணுங்க"ன்னு வாட்ஸாப் குரூப்ல போட்டீங்கன்னா அக்கவுண்ட்டே போயிடும், உழைச்சு சேத்த பணத்தோட சேந்து.

ரெண்டாவது வழி அஃபிலியேட். ஊசி, பாபின் கேஸ், கத்தரின்னு நீங்க எழுதுற பொருளுக்கே அமேசான் லிங்க் குடுக்கலாம், ஆள் வாங்கினா கமிஷன். சேந்த 180 நாளைக்குள்ள மூணு விற்பனையாவது நடக்கணும், இல்லன்னா அக்கவுண்ட்டை மூடிடுவாங்க. உங்க லிங்க்ல நீங்களே வாங்கினா கணக்குல வராது. இந்த லிங்க் வழியா வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்னு கட்டுரையிலயே சொல்லிடணும், அது விதியும் கூட, மரியாதையும் கூட. நீங்க பயன்படுத்தாத பொருளைச் சிபாரிசு பண்ணாதீங்க. தமிழ்ல "டாப் 10 மிக்ஸி"ன்னு ஒரு மிக்ஸியைக் கூடத் தொட்டுப் பாக்காம எழுதின கட்டுரைகள் நிறைஞ்சு கிடக்குறதைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு, ஒரு குடும்பம் அதை நம்பித்தான் காசு போடுது.

மூணாவது கிண்டில். 2016 டிசம்பர்ல இருந்து அமேசான் கிண்டில்ல தமிழ் புத்தகங்கள் இருக்கு. முப்பது நாப்பது கட்டுரை சேந்ததும் அதை ஒழுங்குபடுத்தி மின்புத்தகமா போடலாம்னு தோணும். போடலாம், ஆனா ஒரு கண்டிஷன். கேடிபின்னு ஒண்ணு இருக்கு, நாமளே கிண்டில்ல புத்தகம் போடுற அமேசானோட சேவை; அதுல இருக்கிற செலக்ட் திட்டத்துல சேந்தீங்கன்னா அந்த 90 நாளைக்கு அதே எழுத்து மின் வடிவத்துல வேற எங்கயும் இருக்கக் கூடாது, உங்க சொந்த வெப்சைட்ல கூட. இந்தியாவுல 70 சதவீத ராயல்டி வேணும்னா செலக்ட்ல சேரணும், சேராம போட்டா 35 சதவீதம். அதனால வெப்சைட்ல இருக்கிறதை அப்படியே போடுறவங்க 35லயே இருந்துக்குங்க, இல்ல புத்தகத்துக்குன்னு தனியா புதுசா எழுதுங்க. பிளவுஸ் கட்டிங் மாதிரி படத்தோட வரிசையா சொல்லித் தர வேண்டிய விஷயத்துக்குப் புத்தகம்தான் நல்லா இருக்கும்.

ஆறாவது: பராமரிப்பு

ஊசி மாறாது, அதனால தையல் கட்டுரைக்கு வருஷத்துக்கு ஒரு தடவ லிங்க் வேலை செய்யுதா, சொன்ன பொருள் இன்னும் கிடைக்குதான்னு பாத்தா போதும். ஆனா நீங்க பத்திர ஆபீஸ் பக்கத்து ஆளா இருந்து, கூட்டுப் பட்டாவைத் தனிப்பட்டாவா மாத்துறது, வில்லங்கச் சான்று எடுக்கிறதுன்னு எழுதினீங்கன்னா கதையே வேற. அரசு வெப்சைட்ல ஒரு பட்டன் இடம் மாறினாலே உங்க ஸ்க்ரீன்ஷாட் தப்பாயிடும், கட்டணம் மாறினா படிச்சவங்க குறைச்சலா காசு எடுத்துட்டுப் போய் திரும்பி வருவாங்க. அந்த மாதிரி கட்டுரைகளை மூணு மாசத்துக்கு ஒரு தடவ நீங்களே அந்த சைட்ல போய் ஒரு தடவ ஓட்டிப் பாத்துத் திருத்தணும், திருத்தின தேதியை மேல போடணும். ஒண்ணும் மாத்தாம தேதியை மட்டும் மாத்துறது ஏமாத்து வேலை.

இப்ப கூகுள்ல தேடினா சில கேள்விகளுக்கு மேலயே ஏஐ பதில் வந்துடுது, ஒரு வரியில முடியிற பதிலுக்கு யாரும் உள்ள வர மாட்டாங்க. அதனால ஒரு வரிக் கேள்விகளை விட்டுட்டு, போட்டோ பாத்து கையால செஞ்சு பாக்க வேண்டிய விஷயங்களா பாத்து எழுதுங்க. கூகுள் ஒண்ணையே நம்பி இருக்காம, ஒரு வாட்ஸாப் சேனலோ டெலிகிராம் சேனலோ வச்சு புதுக் கட்டுரை வந்ததும் சொல்லிடுங்க.

கொஞ்சம் நல்லா வர ஆரம்பிச்சதும் உங்க கட்டுரையை அப்படியே காப்பி அடிச்சுப் போடுவாங்க, தமிழ்ல இது சகஜமா நடக்குது. முதல்ல அந்த சைட்டுக்காரருக்கு ஒரு மெயில் போடுங்க, எடுக்கலன்னா கூகுள்ல காப்புரிமை புகாருக்குன்னே ஒரு ஃபார்ம் இருக்கு, உங்க லிங்க்கையும் அவங்க லிங்க்கையும் போட்டு அனுப்பினா தேடல்ல இருந்து அந்தப் பக்கத்தைத் தூக்க வாய்ப்பு இருக்கு. அதுல ஒரிஜினல் உங்களோடதுன்னு சொல்லணும், அதுக்கு ஆதாரமா டிராஃப்ட்டையும் போன்ல எடுத்த போட்டோவோட ஒரிஜினல் ஃபைலையும் டெலீட் பண்ணாம கட்டுரை வாரியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுக்குங்க.